‘எப்படி’ டிரசரும் வழுக்கும் தோட்டமும்

சிகாமட் ஆற்று வெள்ளத்தையாவது மணல் மூட்டை அடுக்கிக் கொஞ்ச நேரம் தடுத்து வைக்கலாம். எங்கள் டிரசரின் வாயிலிருந்து புறப்படும் ‘எப்படி?’ என்ற ஒற்றைச் சொல்லைத் தடுக்க ஜொகூர் முழுவதிலும் மணல் போதாது!

மலாயாவில் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் தொடக்கம் அது. சிகாமட் பட்டணத்துக்கு ஆறு மைல் உள்ளே ஒரு ரப்பர் தோட்டத்தில் நான் தமிழ்ப் பள்ளி வாத்தியார். தோட்டத்தின் பெயரைச் சொல்லமாட்டேன். சொன்னால் இன்றைக்கும் இரண்டு பேர் என்னோடு சண்டைக்கு வருவார்கள். தோட்டத்து ஆஸ்பத்திரிக்கு மாதம் ஒரு தடவை காரில் டாக்டர் வருவார். மீதி நாள்களில் டாக்டர், நர்ஸ், மருந்து கலக்குபவர், பல் பிடுங்குபவர் எல்லாமே காயத்துக்குக் கட்டுப் போடுகிற டிரசர்தான். எங்கள் இருவருக்கும் ஒரே வீடு, நடுவில் ஒரு பலகைச் சுவர். அவர் தும்மினால் என் விளக்கு அணையும்.

ஒட்டடைக் கம்பு மாதிரி ஆள். கத்தோலிக்கர். சட்டைப் பையில் ஜெபமாலையும் காய்ச்சல் பார்க்கும் கண்ணாடிக் குழாயும் எப்போதும் பின்னிக்கிடக்கும். ஜெபம் சொல்ல எடுத்தால் குழாய் வரும். காய்ச்சல் பார்க்க எடுத்தால் சிலுவை வரும். சிலுவையைக் கண்ட நோயாளி, “ஐயையோ, அவ்வளவு மோசமா ஐயா?” என்று அலறுவான்.

எதைச் சொன்னாலும் அவருக்கு ‘எப்படி’ என்று தெரிந்தாக வேண்டும். ஒருவன் வெட்கத்தோடு வந்து, “ஐயா, எம் பொண்டாட்டி உண்டாயிருக்கா” என்றான். “எப்படி?” என்றார் டிரசர். அவன் அன்றைக்கு ஓடியவன், பிள்ளை பிறந்த பிறகுதான் ஆஸ்பத்திரிப் பக்கம் எட்டிப் பார்த்தான். அதிலிருந்து தோட்டமே அவரை ‘எப்படி ஐயா’ என்று கூப்பிட்டது. முதுகுக்குப் பின்னால்தான், முன்னால் கூப்பிட்டால் எப்படி அந்தப் பெயர் வந்தது என்று கேட்பாரே!

அவர் வந்த மூன்றாம் மாதம் ஒரு காலை நேரம் ஆஸ்பத்திரிப் பதிவேட்டைத் தூக்கிக்கொண்டு என் பக்கத்துக்கு ஓடிவந்தார்.

“வாத்தியாரே, இதைப் படிங்க. சத்தமா!”

படித்தேன். மண்டை உடைந்தது: வழுக்கி விழுந்தார். முதுகில் தடிப்பு: வழுக்கி விழுந்தார். உதடு கிழிந்தது: வழுக்கி விழுந்தார். கடிவாய்: வழுக்கி விழுந்தார்.

“கடிவாய் எப்படி வாத்தியாரே? விழுந்த எடத்துல பல்லு இருந்துச்சா?”

“நீங்கதானே எழுதினீங்க?”

“அவங்க சொல்றதைத்தான் நான் எழுத முடியும். சட்டம். ஆனா அவங்க சொல்ற மாதிரி விழுந்தா இந்தத் தோட்டத்துல ஒருத்தரும் நட்டமா நிக்க முடியாது!”

அந்த மாதம் டாக்டர் வந்தார். பதிவேட்டைப் புரட்டினார். புருவம் நெற்றிக்கு ஏறி, தொப்பிக்குள் போய் மறைந்தது. இத்தனை வழுக்கலா! உடனே பெரிய தொரைக்கு, அதாவது தோட்டத்து மேனேஜருக்கு, ஒரு கடிதம் போனது. தொழிலாளர் குடியிருக்கும் லயத்து வீடுகளுக்கெல்லாம் மரப்படிகள் உண்டு. ஒரே வாரத்தில் அத்தனை படிக்கும் கைப்பிடி அடித்தார்கள். பாதையெல்லாம் சரளைக் கல் கொட்டினார்கள். என் பள்ளிக்கூடத்தின் ஒற்றைப் படிக்குக்கூட ஒரு கைப்பிடி! பிள்ளைகள் அதில் தொங்கியே தேய்த்துவிட்டார்கள்.

அடுத்த மாதம் மழையே இல்லை. தோட்டம் தூசியாகப் பறந்தது. அப்போதும் வழுக்கி விழுந்துகொண்டேதான் இருந்தார்கள்.

டாக்டர் யோசித்தார். பாதையில் கோளாறு இல்லையென்றால் வயிற்றில்தான் கோளாறு. குடற்பூச்சி இரத்தத்தைக் குடிக்கிறது, சோகை வருகிறது, தலை சுற்றுகிறது, விழுகிறார்கள். முடிந்தது கதை! தோட்டத்தில் இருந்த அத்தனை பேருக்கும் பூச்சி மருந்து, அதன்மேல் ஒரு கிளாஸ் விளக்கெண்ணெய். இரண்டு நாள் பால் எடுக்க ஒரு ரப்பர் மரமும் வெட்டுப்படவில்லை. வரிசையில் பெரிய கங்காணியும் நின்றார். ஆள்களை வேலை வாங்குகிறவர். கையில் எப்போதும் பூண் போட்ட தடி. டிரசர் அவருக்கு மட்டும் கிளாஸ் விளிம்பு தொட ஊற்றினார்.

“எனக்கு எதுக்கு ஐயா இவ்ளோ? நான் விழுந்ததே இல்லியே!”

“அதான் கங்காணி, எனக்கும் சந்தேகம்! எல்லாரும் விழறாங்க, நீங்க மட்டும் எப்படி விழாம இருக்கீங்க?”

கங்காணி அவரை ஒரு பார்வை பார்த்துவிட்டு எண்ணெயைக் குடித்தார்.

டிரசர் இதோடு நிறுத்தவில்லை. விழுந்தால் என்ன காயம் படும் என்று தெரிய வேண்டும். அதற்கு ஒரே வழி, விழுவது! அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை, மாதா கோயிலுக்குப் போய் வந்த கையோடு, லயத்துப் படி ஒன்றின் உச்சியில் ஏறி நின்றார். என் கையில் நோட்டும் பென்சிலும்.

“எழுதுங்க வாத்தியாரே. முன்பக்கமா, மூணாவது படியிலேர்ந்து!”

தொம்!

“முழங்கால், ரெண்டும். உள்ளங்கை சிராய்ப்பு. மண்டை சேதமில்ல. எழுதிட்டீங்களா?”

பின்பக்கமாக விழுந்தார். பக்கவாட்டில் விழுந்தார். கையில் வாளியோடு விழுந்தார். பத்தாவது தடவை விழும்போது லயமே கூடிவிட்டது. வறுத்த கச்சான் கடலையோடு உட்கார்ந்து பார்த்தார்கள். ஒரு கிழவர் குரல் கொடுத்தார்: “டிரசர் ஐயா, எங்களுக்கு மறைக்குது லா! இன்னும் ரெண்டு படி மேல ஏறி விழுங்க!”

சாயங்காலம் அவர் முதுகுக்கு நான் தைலம் தேய்த்தேன். அவர் முகமெல்லாம் பிரகாசம்.

“பதினாலு தரம் விழுந்திருக்கேன். ஒரு தரம்கூட முதுகுல நீளமா தடிப்பு வரல. விழுந்தா கோடு போடாது வாத்தியாரே. கோடு போடறது பிரம்பு.”

“இது தெரிஞ்சதுதானே? தோட்டத்துக்கே தெரியும்.”

“தோட்டத்துக்கே தெரிஞ்சது எப்படி போலீசுக்குத் தெரியாம இருக்கு? அதுதான் என் கேள்வி.”

அன்றிலிருந்து கட்டுப் போடும்போதெல்லாம் மெதுவாக விசாரித்தார். அந்தப் பதில்களைக் கேட்டு நான் சிரித்த சிரிப்பில் பாதி இன்னும் தொண்டையில் நிற்கிறது. மண்டை வீங்கிப் படுத்திருந்த ஒருவர் சொன்னார்: “அடிச்சதும் எம் மச்சான்தான், தூக்கிட்டு வந்ததும் அவன்தான், மூணு வேளை கஞ்சி கொண்டாறதும் அவன்தான். யார் மேல ஐயா புகார் குடுக்கச் சொல்றீங்க?” இன்னொருவருக்குக் கையில் கத்திக் கீறல். சண்டைச் சேவலைத் திருட வந்தவன் கீறியது. “சொன்னா, சேவல் கால்ல எதுக்குக் கத்தி கட்டினேன்னு என்னைப் பிடிப்பாங்களே!” சேவல் சண்டைக்குத் தடை இருந்த காலம். முதுகில் கோடு விழுந்தவர்கள் மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. கூரையைப் பார்த்தார்கள்.

“நீங்க மட்டும் என்னா?” என்று என்மேல் பாய்ந்தார் டிரசர். “போன மழைக்காலத்துல உங்க குடையை எவனோ திருடினான். புகார் குடுத்தீங்களா?”

“ஒரு குடைக்காக ஆறு மைல் நடக்கவா? மழை வேற. கையில குடையும் இல்ல.”

விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு சட்டென்று நிறுத்தி ஒன்று சொன்னார். அதை நான் இன்றுவரை மறக்கவில்லை. “போலீஸ் புத்தகத்துல இருக்கறது குற்றம் இல்ல வாத்தியாரே. போலீஸ் ஸ்டேஷன் வரைக்கும் நடந்து போன குற்றம். நடக்க முடியாத குற்றமெல்லாம் என் வார்டுல படுத்திருக்கு.”

இந்த இடத்தில் என்னைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். சிரிக்க இதில் ஒன்றும் இல்லை.

என் பள்ளிக்கூட வாசலுக்கு எதிரே பால் நிறுக்கும் கொட்டகை. ஒரு நாள் மதியம், மரம் வெட்டிவிட்டு வந்த பெண்கள் வாளிகளோடு வரிசையில் நின்றார்கள். செல்லம்மா என்பவள் கால் இடறி வாளியைச் சாய்த்துவிட்டாள். பெரிய கங்காணி வைதார். அவள் ஏதோ பதில் சொன்னாள். தடி உயர்ந்தது. தலையைக் காக்க அவள் இடது கையைத் தூக்கினாள். காய்ந்த கிளை ஒடிகிற மாதிரி ஒரு சத்தம்.

கொட்டகையில் அறுபது பேராவது இருந்திருப்பார்கள். அத்தனை பேரும் அந்த ஒரு கணத்தில் வானத்தைப் பார்த்தார்கள். நானும் திரும்பிக் கரும்பலகையைத் துடைத்தேன். அதில் எதுவும் எழுதியிருக்கவில்லை.

செல்லம்மா ஆஸ்பத்திரிக்குத் தானே நடந்து போனாள்.

“எப்படிம்மா?”

“வழுக்கி விழுந்துட்டேன் ஐயா.”

டிரசர் அவள் கையைத் தொட்டுப் பார்த்தார். மட்டை வைத்துக் கட்டினார். அன்று வீட்டுக்கு வந்தவர் சாப்பிடவில்லை.

“விழறவங்க கையை ஊனுவாங்க வாத்தியாரே. மணிக்கட்டு ஒடியும். இவளுக்கு முன்கை நடுவுல, சுண்டுவிரல் பக்கத்து எலும்பு ஒடிஞ்சிருக்கு. தலைக்கு வந்த அடியைக் கையால தடுத்தா மட்டும்தான் அங்க ஒடியும். கொட்டகை உங்க வாசலுக்கு நேரா இருக்கு. நீங்க பாத்தீங்களா?”

“நான் போர்டைத் துடைச்சிட்டிருந்தேன்” என்றேன்.

அவர் ‘எப்படி’ என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

மறுநாள் என்னையும் இழுத்துக்கொண்டு சிகாமட் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனார். அங்கிருந்த மலாய்க்கார சார்ஜண்ட் நல்ல மனிதர். பட்டணத்துக் கடைகளில் பழகிய தமிழ் பேசுவார். நாற்காலி கொடுத்தார். தேநீர் கொடுத்தார். புத்தகத்தைத் திறந்து பெருமையாகக் காட்டினார்.

“ஐயா, என் புக்குல உங்க தோட்டம் சொர்க்கம் லா! போன வருஷம் முழுக்க ஒரே ஒரு கேஸ். சைக்கிள் காணோம். அதுவும் மறுநாள் கிடைச்சாச்சு. இப்ப நீங்க அடிச்சான்னு சொல்றீங்க. சாக்சி அடா?”

சாட்சி உண்டா என்று மலாய் மொழியில் கேட்கிறார். சாக்சி என்றால் நம்முடைய சாட்சிதான். அந்தக் காலத்திலேயே கப்பலேறி மலாய்க்குப் போன சொல். சொல் வந்து சேர்ந்துவிட்டது, சாட்சிதான் வரவில்லை. நான் தேநீர்க் கோப்பைக்குள் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சார்ஜண்ட் மறுநாள் சைக்கிள் மிதித்துத் தோட்டத்துக்கு வந்து செல்லம்மாவைக் கேட்டார். வழுக்கி விழுந்தேன் என்றாள். அவர் கைப்பிடியை ஆட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

“ஏம்மா?” என்றார் டிரசர், சார்ஜண்ட் தலை மறைந்ததும்.

“லயத்தைக் காலி பண்ணச் சொன்னா நான் எங்க ஐயா போறது?”

“பக்கத்துத் தோட்டத்துக்குப் போலாமே.”

“அங்க கங்காணி இவரோட மச்சான்.”

“அதுக்கு அடுத்தது?”

“சித்தப்பா. ஆயர் ஈத்தாம் வரைக்கும் இவரு சொந்தக்காரங்கதான் ஐயா. விசாரிச்சிட்டேன்.”

டிரசர் அவள் கைக்கட்டை அவிழ்த்து மறுபடி இறுக்கிக் கட்டினார்.

ஒரு வாரம் கழித்து, எங்கள் தோட்டத்து வழுக்கலின் புகழ் மேலிடம் வரை எட்டி, படிகளைப் பார்வையிட லேபர் ஆபீசர் தொரை வருவதாகச் செய்தி வந்தது. தொழிலாளர் குறை கேட்கிற வெள்ளைக்காரர். டிரசருக்குத் தலைகால் புரியவில்லை. பதிவேட்டைத் துடைத்தார், நோட்டைத் துடைத்தார், என்னைக்கூடத் துடைத்தார். கார் சத்தம் கேட்டதுதான் தாமதம், பதிவேட்டைக் கட்டிப்பிடித்துக்கொண்டு ஆஸ்பத்திரி வாசலுக்குப் பாய்ந்தார்.

வாசல் படியில் புதிதாகக் கொட்டிய சரளைக் கல்!

கால் சறுக்கியது. கைப்பிடி ஒரு பக்கம், கை ஒரு பக்கம். தொம்! பதினாலு தடவை வேண்டுமென்றே விழுந்தும் உடையாத மனிதர், அன்று நிஜமாகவே வழுக்கி விழுந்தார். வலது மணிக்கட்டு முள்கரண்டி போல வளைந்து நின்றது.

நான் கண்ணால் பார்த்தேன். ஆனால் அரை மணி நேரத்தில் லயம் முழுக்க வேறு செய்தி பரவிவிட்டது: “பெரிய கங்காணி டிரசர் ஐயாவை அடிச்சு கையை ஒடிச்சிட்டாரு!”

அப்போதுதான் தெரிந்தது, அந்த ஒட்டடைக் கம்பின்மேல் தோட்டம் எத்தனை ஆசை வைத்திருந்தது என்று. வெட்டுக் கத்தியைப் போட்டது போட்டபடி வந்தார்கள். பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தார்கள். ஆஸ்பத்திரி வாசலே கொள்ளவில்லை. நடுவில் அகப்பட்ட கங்காணி வெளிறிப்போய், “அலாமாக்! நான் தொடவே இல்லப்பா! சத்தியமா தொடல!” என்று கத்தினார். அவர் வாழ்நாளில் சொன்ன ஒரே உண்மையை யாரும் நம்பவில்லை.

“நான் பாத்தேன்!” என்றது ஒரு குரல்.

“நானும் பாத்தேன். தடியால ஓங்கி அடிச்சாரு!”

“ரெண்டு தரம்!”

அறுபது பேர் பார்த்த அடிக்குச் சாட்சி ஒன்றுமில்லை; நடக்காத அடிக்குப் பதினோரு சாட்சி! நான் மட்டை கட்டிவிட்ட கையோடு டிரசர் எழுந்து நின்று கத்தினார்: “யாரும் அடிக்கல! நான் வழுக்கித்தான் விழுந்தேன்!”

முன்வரிசையில் நின்ற கடலைக் கிழவர் கண் கலங்கச் சொன்னார்: “எங்களுக்குத் தெரியாதா ஐயா? நாங்களும் அப்படித்தான் வழுக்கி விழுந்தோம்.”

நான் அவர் காதோடு சொன்னேன்: “பேசாம இருங்க. இதுலயே அந்த ஆளு போயிடுவாரு.”

டிரசர் என்னைத் திரும்பிப் பார்த்தார். வலியில் வேர்த்துக்கொட்டியது. “பொய்க் கேசுல அவர் போனா, நெச அடி அப்படியே படுத்திருக்கும் வாத்தியாரே. நாளைக்கு வேற தடி வரும்.”

இத்தனையும் பார்த்துக்கொண்டு நின்றார் ஆபீசர் தொரை. தமிழைப் புத்தகத்தில் கற்றவர். “ஐயா, தங்கள் கரம் எங்ஙனம் முறிந்தது?” என்றார். “தொரை என்னா பாட்டு படிக்கிறாரு?” என்று யாரோ கிசுகிசுத்தார்கள்.

“விழுந்தேன் சார். அதனால மணிக்கட்டு” என்று டிரசர் தன் கையை நீட்டினார். பிறகு வார்டு வாசலில் நின்ற செல்லம்மாவைப் பார்த்தார். “அந்தம்மா கை நடுவுல ஒடிஞ்சிருக்கு. விழுந்தா அங்க ஒடியாது. அது எப்படின்னு நான் சொல்லமாட்டேன். சொல்ல வேண்டியது நான் இல்ல.”

கங்காணி தடியை முதுகுக்குப் பின்னால் மறைத்தார். செல்லம்மா டிரசரின் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். தன் கையை ஒடித்த ஆளைக்கூட உண்மையைச் சொல்லிக் காப்பாற்றிய அந்த மனிதரைப் பற்றி அவள் என்ன நினைத்தாளோ, படியிறங்கி வந்தாள்.

“எனக்கு வழுக்கல தொரை” என்றாள். “இவருதான் அடிச்சாரு. பால் கொட்டகையில.”

“கண்டவர் எவரேனும் உளரோ?”

பார்க்காததைப் பார்த்ததாகச் சொன்ன பதினோரு பேரும் மறுபடி வானத்தைப் பார்த்தார்கள். பெரிய தொரை கொடுத்த வீடு, பெரிய தொரை கொடுத்த வேலை, வகுப்பில் முதல் வரிசையில் கங்காணியின் மகன், எல்லாம் என் கண்முன் வந்தன.

“நான் பார்த்தேன்” என்றேன். குரல் கீச்சென்று வந்தது. “பள்ளிக்கூட வாசல்லேர்ந்து பார்த்தேன்.”

அவ்வளவுதான்! அணை உடைந்த மாதிரி. “நானும்தான்” என்று ஒருத்தி முன்னால் வந்தாள். ஒருவர் சட்டையைக் கழற்றி முதுகைக் காட்டினார். அவருக்குப் பின்னால் இன்னொருவர். ஆபீசர் தொரை எழுதினார், எழுதினார், சாயங்காலம் வரை எழுதினார். இடையில் மச்சானிடம் அடிவாங்கியவர்கூட உணர்ச்சிவசப்பட்டு எழுந்தார். கஞ்சியோடு நின்ற மச்சான் அவரைப் பிடித்து உட்கார வைத்தான்.

கோர்ட்டில் கங்காணிக்குக் கிடைத்த தண்டனை சின்னதுதான். ஆனால் தோட்டத்தை விட்டுப் போனார். ஆயர் ஈத்தாம் பக்கம் சித்தப்பா வீட்டில் இருப்பதாகக் கேள்வி. செல்லம்மா லயத்திலேயே இருந்தாள். கை கூடி மறுபடி மரம் வெட்டப் போனாள்.

அதற்குப் பிறகு ஸ்டேஷனுக்கு நடந்து போவது எங்கள் ஆள்களுக்குப் பழகிவிட்டது. கோழி காணோம், போனார்கள். வேட்டி காணோம், போனார்கள். என் குடைக்குக்கூட நான் போனேன். சார்ஜண்ட் தலையில் கைவைத்தார்: “ஐயா, சொர்க்கமா இருந்த தோட்டம்! இந்த வருஷம் மாவட்டத்துலயே உங்க தோட்டத்துல தான் கேஸ் அதிகம். என் பென்சில் எல்லாம் தீந்துபோச்சு லா!”

மேலே இருந்தவர்களும் அந்தக் கணக்கைத்தான் பார்த்தார்கள். ஒரு குற்றமும் இல்லாத தோட்டத்தில் ஒரே வருஷத்தில் இத்தனை குற்றமா? இந்த டிரசர் வந்த பிறகுதானே! பெரிய தொரை அவரை உலு திராம் பக்கத்துத் தோட்டம் ஒன்றுக்கு மாற்றிவிட்டார். டிரசர் கோபப்படவில்லை. “அங்க பதிவேடு எப்படி இருக்கோ!” என்று பெட்டியைக் கட்ட ஆரம்பித்தார்.

கை உடைந்த ஆறு வாரமும் அவருக்கு நான்தான் தினமும் காலையில் சட்டைப் பொத்தான் போட்டுவிட்டேன். கட்டுப் பிரித்த மறுநாளும் அவர் சட்டையைத் திறந்து போட்டுக்கொண்டு என் அறைக்கு வந்து நின்றார். அதே கையால் நுணுக்கமாகத் தையல் போடுகிற மனிதர்! நான் பொத்தானைப் போட்டுவிட்டேன். மாதக்கணக்கில் அப்படியே நடந்தது. ரயில் ஏறப் போகிற காலையிலும் வந்து நின்றார். ஐந்து பொத்தான்தான். அன்றைக்கு எனக்கு வெகு நேரம் பிடித்தது.